இடது பக்கம் ஒரு நூல் கூட

முகத்தை வைத்து ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் திறமை எனக்கு இல்லை. பர்மாவில் எங்கள் பசுந்தாங் சந்தையில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா அக்கா?" என்று கேட்டால், ஒரு அடி பின்னால் நகர்ந்து அவர்கள் தோளைப் பார்ப்பேன். பதினான்கரை அங்குலத் தோள், வலது பக்கம் கொஞ்சம் இறக்கம், கழுத்து ஆழம் வேண்டவே வேண்டாம் என்று சண்டை பிடித்தவள். உடனே ஆள் யாரென்று வந்துவிடும். இருபத்தாறு வருடமாக இந்தத் தெருவில் முதல் மாடியில் உட்கார்ந்து எய்ஞ்சி தைக்கிறேன். லுங்கிக்கு மேலே இடுப்பு வரை வரும் அந்தச் சட்டை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் போட்டவளுக்கு மூச்சு முட்டும், தைத்தவளுக்குப் பேர் கெடும்.

ஒருத்தியின் உடம்பில் அவள் புருஷனுக்குத் தெரியாத சங்கதி எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு மார்பு சிறிதாக இருக்கும், உள்ளே ஒரு மடிப்புத் துணி வைத்துச் சமன் செய்வேன். முதுகு கூன ஆரம்பித்திருக்கும், பின் நீளத்தைக் கூட்டுவேன். எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பர்மாக்கார அம்மாள் முதல் நாளே சொன்னது அதுதான்: டேப் பார்க்கட்டும், நீ பார்க்காதே. சொன்னால் வாடிக்கை போகும் என்பது ஒரு பக்கம். சொல்லாமல் மறைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்றும் நம்பினேன். அந்த மரியாதையால் என் நாத்தனாரை ஏறக்குறையக் கொன்றிருப்பேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். இன்சீனில் தனியாக இருக்கிறார். அவர்கள் அப்பா அந்தக் காலத்து ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. மதினி ஒரு கம்பெனியில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒரு நல்ல ஆள் சொல்லு, நாளைக்கே கட்டிக்கிறேன்," என்பார். அவர் கேட்கும் தோரணையிலேயே இந்த ஊரில் நல்ல ஆள் எவனும் இல்லை என்று நமக்கே தோன்றிவிடும்.

வருடத்துக்கு இரண்டு எய்ஞ்சி அவருக்கு. ஈஸ்டருக்கு வெள்ளை, கிறிஸ்துமஸுக்கு நிறம். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறி பசுந்தாங் ஸ்டேஷனில் இறங்கி, படியேறி வந்து, மூச்சு வாங்குவதை எனக்குக் காட்டாமல் இருக்கச் சுவரில் உள்ள ஏசுநாதர் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு கையை விரித்து நிற்பார். "எடுத்துக்கோ. எழுத வேணாம், போன தடவை அளவேதான்." அவருக்கு அதில் பெரிய பெருமை. முப்பது வயதில் இருந்த அளவு அறுபதிலும் இருக்கிறதாம். சர்ச்சில் இவர் வயதுப் பெண்கள் ஊதிப்போவதையும் வற்றிப்போவதையும் ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டுவார். உண்மையில் அவர் இடுப்பு இரண்டு அங்குலம் ஏறித்தான் இருந்தது. எழுதுவது ஒன்றும் சொல்வது ஒன்றுமாக நான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வாடிக்கைக்கும் என் அளவு நோட்டில் தனிப் பக்கம் உண்டு. மதினி பக்கத்தில், ஒரு ஈஸ்டருக்கு எழுதியது இப்படி இருக்கும்: "முன் நீளம் இடது பக்கம் ஒரு நூல் கூட." அங்குலத்தை எட்டாக வகுத்தால் ஒரு பங்கு எங்களுக்கு ஒரு நூல். கழுத்தோரத்தில் டேப்பை வைத்து மார்பு வழியாக இடுப்புக்கு இறக்கும்போது, இடது கழுத்தெலும்புக்குக் கீழே டேப் எதன் மேலோ ஏறி இறங்கியது. பட்டாணி அளவு. விரல் தற்செயலாகப் பட்டதுபோல் பட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. வலித்த மாதிரி மதினி முகத்தில் எதுவும் தெரியவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. கொழுப்புக் கட்டியாக இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். இல்லை, பொய் சொல்ல வேண்டாம். கேட்டால் கடித்துக் குதறிவிடுவார் என்ற பயம்தான்.

அந்த ஒரு நூல் இரண்டு வருடம் கழித்து இரண்டு நூல் ஆயிற்று. அப்புறம் மூன்று. அது வளர வளர நானும் கெட்டிக்காரி ஆனேன். இடது பக்கம் மடிப்புத் தையலை ஒரு விரல் தள்ளி எடுத்தேன். உள்ளே மெல்லிய லைனிங் கொடுத்து மேலே எதுவும் துருத்தாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்த இடத்தில் சரியாக வந்து உட்காரும்படி பூவேலை வைத்தேன். மதினி கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, ஒரு சுருக்கம் இல்ல," என்றார். கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது ஊசி விவகாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் காலை. ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில், மதினி வெள்ளை எய்ஞ்சியில் அலங்காரத்துக்கு ஒரு பூ ஊசி குத்திவிடச் சொன்னார். இடது பக்கம். நான் குத்தினேன். குத்திய இடம் தப்பிவிட்டது. "ஸ்" என்றார். ஒரு பொட்டு ரத்தம் வெள்ளைத் துணியில் வந்தது. அது என்ன பெரிய காயமா, கொசு கடித்த அளவு. ஆனால் ஒரு வாரத்தில் அந்த இடம் சிவந்து வீங்கியது. வீக்கம் வற்றிய பிறகு அங்கே ஊதா நிறத்தில் ஒரு தழும்பு மாதிரி மேடு நின்றுவிட்டது. மதினி வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டினார். காயம் ஆறும்போது சில பேருக்குத் தழும்பு தடித்து வளரும், அதுதான் இது என்று சொல்லி, மாதம் ஒரு மருந்து ஊசி போட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த மேட்டுக்கு என் பெயர் வைத்தாயிற்று. "இதுவா? என் தம்பி பொண்டாட்டி குத்தினது." சர்ச் வாசலில் சொன்னார். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பர்மிய மொழியில் சொன்னார். என் வீட்டிலேயே, என் கையால் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. அது ஊசியால் வந்ததில்லை, ஊசிக்கு ஐந்து வருடம் முன்னாலேயே அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பழியை வாங்கிக்கொண்டேன்? பழியை மறுத்தால் அடுத்த கேள்வி, "அப்போ உனக்கு எப்பவிலேர்ந்து தெரியும்?" என்று வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட ஊசி குத்தியவளாக இருப்பது சுலபம்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அளவெடுக்க வந்தார். மின்சாரம் இல்லாத வேளை, ஜன்னலோரம் நிறுத்தி வைத்து அளந்தேன். ஊசி போட்டுப் போட்டும் அது இறங்கவே இல்லை. இப்போது மேலே இரண்டு மூன்று முடிச்சு. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, நாவற்பழக் கறை போல நிறம். டேப் ஏறி இறங்கியது. ஐந்து நூல். பென்சிலை எடுத்தேன், எழுத வரவில்லை.

"என்னா, எழுத்து மறந்துபோச்சா?" என்றார்.

"மதினி, வேற டாக்டர்கிட்ட காட்டலாமா? தோலுக்குன்னே இருக்கிற டாக்டர்."

ஒரு பெரிய வசவு வரும் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். மதினி சட்டையைச் சரிசெய்தபடி, "குத்தினவ நீ. நீயே கூட்டிட்டுப் போ," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போனது.

ஒரு தனியார் மருத்துவமனையில், வாரத்தில் இரண்டு நாள் மதியத்துக்கு மேல் வந்து உட்காரும் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எங்களுக்கு முப்பத்தோராம் நம்பர். மதினி கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, நல்ல எய்ஞ்சி போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அளவு நோட்டு இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் காத்திருந்த இரண்டு மணி நேரமும், சும்மா பையோடு வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவசரப்படாதவர். அந்த மேட்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். தோலோடு சேர்ந்து நகர்ந்தது. "அன்ட்டி, இது எப்போது ஆரம்பித்தது?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

மதினியின் பர்மிய மொழி சுத்தமானது, ஆபீஸ் மொழி. ஊசி குத்தியது, வீங்கியது, தழும்பு தடித்தது, மாதாமாதம் ஊசி போட்டது என்று வரிசையாகச் சொன்னார். குத்தியவளை விரலாலும் காட்டினார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லையே?"

"ஒன்றும் இல்லை, சயாமா." பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், ஆண் என்றால் சயா.

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுதக் குனிந்தார். நடக்கப்போவது எனக்குத் தெரிந்தது. தழும்பு என்று இவரும் எழுதுவார். இன்னும் கொஞ்சம் பலமான ஊசி கொடுப்பார். நாங்கள் படியிறங்கிப் போவோம். ஈஸ்டருக்கு நான் ஆறு நூல் என்று எழுதி, அதற்கேற்ற பூவேலை தேடுவேன். கை தானாகப் பைக்குள் போய் நோட்டை வெளியே எடுத்துவிட்டது.

"சயாமா, மன்னிக்கணும். ஊசி குத்துறதுக்கு முன்னாடியே அது இருந்தது. நான் தையற்காரி. அளவு எழுதி வெச்சிருக்கேன்."

மதினி என் பக்கம் திரும்பினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா நோட்டைக் கையில் வாங்கி, தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "படியுங்கள், முதலிலிருந்து."

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தால் போதும், அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். இப்போது மதினி ஒரு தோள் திறந்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவருடைய ஏழு வருடத்தை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. ஈஸ்டர், இடது ஒரு நூல் கூட. கிறிஸ்துமஸ், ஒரு நூல். அடுத்த ஈஸ்டர், ஒரு நூல் தாராளம். கிறிஸ்துமஸ், இரண்டு. பக்கத்தில் எனக்காக நான் எழுதியிருந்த குறிப்புகளும் இருந்தன: மடிப்பைத் தள்ளி எடு, லைனிங் கொடு, பூவேலை இங்கே. அவற்றை விட்டுவிட்டுப் படிக்கப் பார்த்தேன். மதினி தமிழில், "எல்லாத்தையும் படி," என்றார். படித்தேன். நடுவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்கும் வரை டாக்டரம்மா கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதி, ஊசி குத்திய ஈஸ்டருக்கு நேரே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே ஐந்து வருடம் இருந்தது. "தழும்பு காயத்துக்குப் பிறகுதான் வரும்," என்றார் மதினியிடம், மிக மெதுவாக. "ஐந்து வருடம் முன்னால் வந்து காத்திருக்காது. இது வேறு ஏதோ. கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும், இன்றைக்கே."

மரத்துப்போக மருந்து கொடுத்து, பென்சில் முனை அளவு வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுத்தார். ஒரு தையல் போட்டார். மதினி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன். அவர் தன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எதிரே ஒரு டீக்கடை. நான் பேச்சை எடுப்பதற்குள் மதினியே கேட்டார்.

"ஏழு வருசமா?"

"ஆமா மதினி."

"ரெண்டு வருசமா ஊர் பூரா நீ குத்தினதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்பகூட வாயைத் திறக்கல நீ."

"பயமா இருந்தது."

"எனக்கா பயந்தே? நான் என்னா பேயா?"

அழ ஆரம்பித்தேன். நடுத்தெருவில், ஐம்பத்திரண்டு வயதில். மதினி கைக்குட்டையை எடுத்தார். எனக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என் பின்னாடி வராதே," என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் தனியாக நடந்து போனார். கட்டு போட்ட தோள் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

பதினைந்து நாள் போனை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். அவருக்கு லப்பையே டீ போட்டுக் கொடுத்து, நன்றாகப் பேசி அனுப்பினாராம், என்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. "அக்கா திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்," என்றார் வந்து. எனக்கும் அதுதான் தோன்றியது. மதினியின் வசவு எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். அது இல்லாத வீடு என்னவோ போல் இருந்தது. தையல் எந்திரத்தில் உட்கார்ந்தால் துணி கோணிக்கொண்டே போனது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் நான்கு பேருக்குக் கையைத் தவறாக வெட்டினேன்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. வெட்டி எடுத்த துண்டை முதலில் சோதித்தவருக்குச் சந்தேகம் தீரவில்லை, வேறொரு சாயம் போட்டு இன்னொரு தடவை பார்த்தார்களாம். மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டது என்னைத்தான், மதினி என் நம்பரைக் கொடுத்திருந்தார். அது எப்போது என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் நடந்த பேச்சுக்கு முன்னாலா பிறகா என்று இன்றுவரை கேட்கவில்லை. நான் இன்சீன் போய்க் கதவைத் தட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

டாக்டரம்மா ஒரு நீளமான பெயரைச் சொன்னார். மூன்று மூச்சு வேண்டும் அதைச் சொல்லி முடிக்க. தோலின் அடியில் மென்மையான சதையில் வரும் புற்றுநோய். ரொம்ப அபூர்வம், அவரே தம் அனுபவத்தில் பார்த்தது சொற்பம். மிக மெதுவாக வளரும். மற்ற இடத்துக்குப் பரவுவது அரிது. ஆனால் மேலே தெரிவதைவிட அடியில் அகலமாக வேர்விட்டிருக்கும், ஒரு துளி விட்டாலும் அதே இடத்தில் திரும்பி வரும். அதனால் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து அகலமாகவும், கீழே சதையின் உறை வரைக்கும் ஆழமாகவும் வெட்டி எடுக்க வேண்டும். நெஞ்சுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

"புற்றுநோய்" என்ற வார்த்தைக்கு மதினி கண் சிமிட்டவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் தழும்புன்னு ஊசி போட்டிருந்தா?" என்று கேட்டார்.

"வேர் இன்னும் கீழே போயிருக்கும், அன்ட்டி. வெட்ட வேண்டியது கழுத்து வரைக்கும் வந்திருக்கலாம்." டாக்டரம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பாராட்டா கண்டிப்பா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று, அதுவரை எங்களோடு இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சோறு போட்டேன், சாப்பிட்டார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து என் பின்னால் நின்றார்.

"ஏ பிள்ளை. எனக்கும் தெரியும்."

நான் திரும்பினேன்.

"குளிக்கும்போது கையில படாமலா இருக்கும்? உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை உன்கிட்ட வரும்போதும், இன்னைக்கு இவ கேட்டுடுவான்னு நெனப்பேன். நீ மடிப்பைத் தள்ளித் தெச்சுக் கொடுத்துடுவே. கண்ணாடியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. சரி, தையல்ல மறையுற அளவுதானே, அப்ப ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்குப் போயிடுவேன்."

"அப்போ ஊசின்னு சொன்னது?"

"ஏதோ ஒரு காரணம் கிடைச்சுதேன்னு பிடிச்சுக்கிட்டேன். உன்னைச் சொன்னா நீ திருப்பிச் சொல்ல மாட்டே." கழுவிய தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "அது தப்புதான்."

மன்னிப்புக் கேட்பது அவர் அகராதியில் இல்லாத வார்த்தை. அதற்கு மேல் கேட்க வைப்பது பாவம் என்று, "யபாடே மதினி, யபாடே," என்று பர்மாக்காரி மாதிரி சொல்லிவிட்டேன். இங்கே எல்லாப் பரவாயில்லைக்கும் அதுதான் சொல். அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் சோப்பு நுரை. அப்படியே கட்டிக்கொண்டேன். எய்ஞ்சி ஈரமாகிறது என்று திட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அறுவைக்கு முன்னால் சர்ஜன் பேனாவால் அந்த மேட்டைச் சுற்றிக் கோடு போட்டார். முதல் வட்டம் மேடு. அதற்கு வெளியே, இரண்டு விரல் அகலம் விட்டு, இன்னொரு வட்டம். நாங்கள் தையலுக்கு விடும் இடத்தைத் தாராளமாக விடுவது போலத்தான் விட்டார். ஆனால் நாங்கள் விடுவது உள்ளே தங்கும், இது வெளியே போகிறது. இவ்வளவு நல்ல தோல் போகிறதே என்று அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்தேன். மதினி குனிந்து அந்தப் பெரிய வட்டத்தைப் பார்த்துவிட்டு, "தாராளமா எடுங்க சயா. மிச்சம் வைக்காதீங்க," என்றார். தொடையிலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். வெட்டி எடுத்ததன் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று பத்து நாளில் சொன்னார்கள். நெஞ்சுப் படத்திலும் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே ஜெபம் செய்தார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்ப்பார், நடுவில் மாதம் ஒரு முறை வீட்டிலேயே யாராவது ஓரத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார் சர்ஜன். தானே தொட்டுப் பார்ப்பதைவிட இன்னொருவர் பார்ப்பது நல்லது. "யார் இருக்கிறார்கள் அன்ட்டி வீட்டில்?" என்று கேட்டார். மதினி யோசிக்கவே இல்லை. "இவ இருக்கா," என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வருவார். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தோளைத் திறப்பார். அந்த இடம் இப்போது ஒரு ஆழமில்லாத கிண்ணம் மாதிரி இருக்கிறது. நிறம் வேறு. மூன்று விரலைச் சேர்த்து, சர்ஜன் காட்டியபடி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வர வேண்டும். முதல் மாதம் கையை வைத்த மறு விநாடி, "ஒண்ணும் இல்ல மதினி," என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை வெக்கிறதுக்குள்ள சொல்றே. ஆறுதல் சொல்ல சர்ச்சுல பாதிரி ஐயர் இருக்கார். நீ தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அன்றிலிருந்து மெதுவாகத்தான் பார்க்கிறேன். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் எதுவும் இல்லை. நான்காம் மாதம் மேல் ஓரத்தில், கழுத்தெலும்புக்கு அருகே, விரலுக்கடியில் ஏதோ தட்டியது.

அது உள்ளேயே தங்கிப்போன தையல் முடிச்சு. மறுநாள் சர்ஜன் விரலால் உருட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார். ஆனால் அதெல்லாம் மறுநாள். ஞாயிற்றுக்கிழமை அது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுபடி அழுத்தினேன். இருந்தது. எலும்பாக இருக்கும், தழும்பு இறுகியிருக்கும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இன்று ஆராதனைக்குப் போய்வந்த சந்தோஷத்தில் இருக்கிறாரே. பழைய காரணங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வாய்க்குள் வந்து நின்றன. மதினி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ பேருந்துக்குக் கை காட்டிக்கொண்டே ஓடினார்கள்.

"மதினி. மேல் ஓரத்துல ஒரு அரிசி அளவுக்குக் கட்டியா இருக்கு. போன மாசம் இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "எங்கே? காட்டு," என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே என் விரலால் அழுத்தினேன். தொட்டுப் பார்த்தார்.

"ஆமா. இருக்கு," என்றார். விரலை எடுக்கவில்லை. "பயமா இருக்கு பிள்ளை."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத சொல் அது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மதினி," என்று அதையும் சொன்னேன்.